நிமிஷத்துக்கு எழுபது

தறிச் சத்தத்தில் தடுமாற்றமே இல்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் திரும்பியபோதே கிருஷ்ணவேணிக்கு அது உறைத்தது.

அவள் வீட்டுக்காரர் ராஜவேலுவின் தறி என்றைக்கு இப்படி அடித்தது? அவர் நெஞ்சைப் போலவே அதுவும் இரண்டு அடி அடிக்கும், ஒன்றை விழுங்கும். போன மாதம் அந்த நெஞ்சு ஒரேயடியாக மக்கர் பண்ண, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கழுத்து நரம்பு வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் இறக்கி, மறுமுனையைச் சின்னப் பெட்டியில் மாட்டி அனுப்பினார்கள். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு. துடிப்புக்கு ஒரு மினுக்கு; நிமிஷத்துக்கு எழுபது.

"டிரான்சிஸ்டருக்குப் போடற பேட்டரிதாம்மா. பத்து நாளைக்கு ஒருவாட்டி மாத்திடு. வெளக்கு நின்னா அவரும் நின்னுடுவாரு" என்றாள் நர்ஸ் அன்னம்மாள். "தறி பக்கமே உடாத."

அன்றிலிருந்து கிருஷ்ணவேணி அழவில்லை, சிரிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு மரத்துப் போயிருந்தது.

கடைசியாகப் பேட்டரி மாற்றி இன்று பத்தாம் நாள். காலையில் அவர், "வேணி, உள்ள ஏதோ இழை அறுந்தாப்பல இருக்குது. பிணைக்கணும்" என்றார். "சும்மா படுத்துக்கினு இருங்க" என்று அதட்டிவிட்டு, மழையோடு மழையாக ரேடியோ கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கித் திரும்பினாள்.

"உன் வூட்டுக்காரருக்கு நல்லா ஆயிடுச்சாட்டம் இருக்குதே!" பக்கத்து வீட்டு நீலாம்பாள் சிரித்தாள். "முன்னல்லாம் செத்தவன் கையில வெத்தலபாக்கு குடுத்தாப்பல நெய்வாரு. இன்னிக்கு நிறுத்தவே இல்லபா!"

நிறுத்தவே இல்லையா? தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால் எவனும் நிறுத்துவான். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் முறுக்கிப் பிணைத்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பான்.

உள்ளே ஈரப்பட்டின் வாடை. கஞ்சி வாடை. அதற்கடியில் துருப்பிடித்த இரும்பு போல ஒன்று.

கட்டில் காலி.

"இன்னாங்க..."

தடக். தடக். தடக்.

தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன. விரல்நுனிகளில் சாம்பல். குறுக்கிழையை இழுத்துக்கொண்டு நாடா தானாக ஓடியது. பலகை தானாக அடித்தது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

கழுத்தில் கம்பி இல்லை. கட்டு மட்டும், ஈரமாக.

கம்பி பாவில் இருந்தது. நெஞ்சுக்குள் இருந்த முனையை, அறுந்த பட்டிழை ஒன்றோடு சாம்பல் தொட்டு முறுக்கியிருந்தார். நல்ல பிணைப்பு. முடிச்சே தெரியவில்லை. மறுமுனை பெட்டியில். விளக்கு மினுக்கியது.

அவர் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

நெய்த துணியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே மெல்ல எழுந்தது. தாழ்ந்தது.

விளக்கு மங்கியது. தறி இரண்டு அடி அடித்தது. ஒன்றை விழுங்கியது.

அவர்தான். ஐயோ, அவரேதான்.

கிருஷ்ணவேணி பழைய பேட்டரியைக் கழற்றினாள். புதியதை அழுத்தினாள்.

தடக். தடக். தடக்.

அவர் மடிமேல், வெதுவெதுப்பான அந்தச் சேலை இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்தது.