பாங்கு கேட்டால் கதவைத் திற

பஸ்ராவின் அந்தத் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பள்ளிவாசல் மூலையில் ஒடுங்கிக் கிடந்த, பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் ஸாபித்துக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

பக்தாதில் கலீஃபாவும் அமைச்சர்களும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். இங்கே பாலைவனக் கொள்ளையர் நுழைந்து ஆறு நாள். கேட்க நாதியில்லை, பாவிகள்!

முதல் நாளே மகள் ரைத்தாவை வீட்டின் பேரீச்சைக் கிடங்குக்குள் இறக்கியிருந்தார். "என் பாங்குச் சத்தம் கேட்டாத்தான் வெளிய வரணும், கண்ணு. வேற யார் கூப்பிட்டாலும் மூச்சு விடாத." தெருவாசிகள் எல்லோரிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார்.

"ஆபத்து போயிடுச்சான்னு உங்களுக்கு எப்படி வாப்பா தெரியும்?"

"கண்ணுதான் இல்ல. காது இருக்குல்ல?"

மினாரா கோபுரத்தில் ஏறுகிறவன் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று, பார்வையில்லாத அவரைத்தான் ஊர் மோதினாராக வைத்திருந்தது.

பிற்பகல் தொழுகை நேரம். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மோதினாரே, நாங்க கவர்னர் ஆளுங்க. சனியனுங்க ஓடிட்டானுங்க. ஏறிப் பாங்கு சொல்லுங்க."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரைத் தடவி ஏறினார். நாற்பதாவது படியில் உள்ளங்கால் எதிலோ பிசுபிசுத்து ஒட்டியது. எண்ணெயாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டார். புகையும் பழைய தோலும் கலந்த வாடை படிக்குப் படி கூடவே வந்தது. வந்தவனும் பின்னாலேயே ஏறினான்.

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. காதில் கைவைத்து, தொண்டை கிழியப் பாங்கு சொன்னார்.

கீழே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு பெண் விம்மினாள். குழந்தை ஒன்று சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு அடியில் இன்னொரு சத்தம். அசைபோடும் சத்தம். பள்ளிவாசலைச் சுற்றி, நூற்றுக்கணக்கான வாய்கள்.

ஒட்டகங்கள். ஒன்றின் கழுத்திலும் மணி ஒலிக்கவில்லை.

ஸாபித்தின் குரல் நின்றது.

"ஏன் கிழவா நிறுத்திட்ட?" காதோரம் சூடான மூச்சு. "உன் பாங்குக்குத்தான் கதவு தொறப்பாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரன் சாகறப்போ சொன்னான். இன்னும் சில கதவு தொறக்கல. சொல்லு."

கத்த வாய் திறந்தார். முரட்டுக் கை ஒன்று வாயை இறுகப் பொத்தியது.

தெருக்கோடியில் ஒரு கதவு கிறீச்சிட்டது. அவருக்குத் தெரிந்த கதவு.

"வாப்பா! கேட்டுச்சு! இதோ வந்துட்டேன்!"

கீழே அசைபோடுவது நின்றது. ஒட்டகங்கள் எழுந்தன.