குமுளி வரைக்கும் ஒரு வாக்கு

மே 8, வியாழன்.
இன்றைய பிழை: ஒருவரைத் திருடன் என்று கத்திவிட்டேன். அவர் திருடன் இல்லை. சிறிய பிழைதான்.

எழுதிய பிறகு எப்சிபா 'சிறிய' என்ற சொல்லை மட்டும் அடித்தாள். குமுளி பஸ் ஸ்டாண்டில் பாதி ஊர் கூடிய பிறகு அது எப்படிச் சிறிய பிழையாகும்?

பகலில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை, சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு. வகுப்பு முடிந்து வந்ததும் டைரியில் தேதி, இன்றைய பிழை, நாளைய வேலை... அவ்வளவுதான். பெரும்பாலும் பிழை வரிதான் நீளமாக இருக்கும். இன்று வகுப்புக்கு லீவு போட்டிருந்தாள். பிழைக்கு லீவு இல்லை.

நடந்தது இதுதான். சபையின் வாலிபர் குழு பல ஊர்களிலிருந்து சேர்ந்து இலங்கைக்குப் போகிறது. அங்கே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வேண்டும். அதற்கு முன் குமுளி தியான இல்லத்தில் மூன்று நாள் பயிற்சி. எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பை அனுப்பியிருந்தார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எப்சிபா மழையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். டீக்கடை பெஞ்சில் பையை வைத்தாள். டீயை வாங்கித் திரும்பினால்... பையைக் காணோம்! மழைக்குள் உயரமாக ஒருவன் அதை மாட்டிக்கொண்டு நடந்துபோகிறான்.

"ஏய்... நில்லு! திருடன்! திருடன்!"

இரண்டு ஆட்டோக்காரர்கள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவன் ஓடவில்லை, திமிறவில்லை. இமையில் மழைத்துளி தொங்க அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்கள்... பயம் இருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு இருந்தது.

"ஏனுங்க, இது என்ற பேக்குங்க."

"பொய்! என் பேக்கு எனக்குத் தெரியாதா? அதே நீலம், அதே சிலுவப் படம்..."

"அப்ப அது யாருதுங்க?"

அவன் தாடையால் காட்டிய இடத்தில், பெஞ்சுக்கு அடியில், அவள் பை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நனையக் கூடாதென்று டீக்கடை அக்காதான் தள்ளி வைத்திருக்கிறாள்.

"எந்தா மோளே, இயாளு கள்ளனாணோ, அல்லயோ?" திருடனா இல்லையா என்று ஆட்டோக்காரர் மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல சேட்டா..."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றான் அவன். "திருடன்னு சொன்னது தேக்கடி வரைக்கும் கேட்டுச்சு. இல்லைங்கறது இந்த டீக்கடைக்கே கேக்கலீங்களே."

மழையோடு மழையாகக் கரைந்து ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. ஓட முடியவில்லை. இருவரும் போக வேண்டிய இடம் ஒன்றுதான் என்பது அந்த இரண்டு பைகளிலும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

அவன் பெயர் ரிஜோ. ஊர் பொள்ளாச்சி தாண்டி, பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரம். மாங்காய் மண்டியில் வேலை. சீசன் நேரத்தில் லீவு கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். உயரமாக இருந்ததால், பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டும் மௌன நாடகத்தில் சாத்தான் வேஷம் அவனுக்கு. சாத்தான் கயிறு கட்டி இழுத்துப்போகும் பெண்... வேறு யார்? எப்சிபாதான்.

"நல்லா இழுங்க. இது என்ன ஆட்டுக்குட்டியா?"

"இழுத்தா உழுந்துருவீங்க..."

"விழுறதுதான நாடகம்!"

"எனக்குப் பாவமா இருக்குதுங்களே."

"சாத்தானுக்கு என்ன பாவம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அவள் போதகரிடம் இன்னொன்றும் சொல்லிவிட்டாள். "இவருக்கு மேக்கப்பே வேண்டாம் ஐயா, அப்படியே மேடையேத்திரலாம்!"

ரிஜோவும் சிரித்தான். ஆனால்... கொஞ்சம் தாமதமாகச் சிரித்தானோ?

'ஏன் சொன்னேன்? வாய்க்குப் பூட்டே கிடையாதா எனக்கு?'

பயிற்சியின் கடைசிச் சாயங்காலம் போதகர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினார். போன வருஷக் குழுவில் இரண்டு பேர் காதலில் விழுந்து, பொம்மலாட்டப் பெட்டியை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போன கதையைச் சொன்னார்.

"அதனால, திரும்பி வந்து குமுளி மண்ணுல கால் வைக்கிற வரைக்கும் காதல் கத்தரிக்காய்னு ஒரு பேச்சும் கிடையாது. வேதபுஸ்தகத்து மேல கை வெச்சு வாக்குக் குடுங்க."

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். ரிஜோ சிரிக்கவில்லை. கை வைக்கும்முன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

எப்சிபாவுக்கு அந்த வாக்கு கஷ்டமாகத் தெரியவில்லை. அவள் கவலை வேறு. அப்பா ஏசுரத்தினம் வண்டிப்பெரியாற்றில் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார். கிளம்பும்போது அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "கம்பத்து மாப்பிள்ள, பேங்க்கு வேல. நீ திரும்பி வந்ததும் சரியா வேண்டாமான்னு சொல்லிரு. உன் வாயால சொன்னாத்தான் ஞாயித்துக்கிழம அவங்கள வரச்சொல்லுவேன்." வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சரி என்று சொல்லத்தான் ஏனோ நாக்கு வரவில்லை... அதுவும் பஸ் ஸ்டாண்டில் அந்த மழைக்குப் பிறகு.

மறுநாள் மதுரையில் விமானம் ஏறினார்கள். அன்றிலிருந்து ரிஜோ அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹட்டனில் இறங்கியதும் ஜெஸ்னா சுற்றுமுற்றும் பார்த்தாள். எப்சிபாவோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிகிறவள். "ஏட்டி, இதுக்கா பாஸ்போர்ட்டு எடுத்தோம்? நம்ம எஸ்டேட்டுக்கே வந்த மாதிரியில்ல இருக்கு!"

வரிசையாக ஒட்டிக்கட்டிய அதே லயன் வீடுகள், அதே பச்சை, தமிழும் ஏறக்குறைய அதே தமிழ். காலில் ஏறும் அட்டைகூட அதேதான். அங்கிருந்த பிள்ளைகளுக்கு இவர்களைவிட நிறையப் பாட்டுத் தெரிந்திருந்தது. 'நாம இங்க என்னத்தக் கொண்டு வந்தோம்?' என்று எப்சிபா நினைக்காத நாளில்லை. ஆனால் நாடகம் மட்டும் பிள்ளைகளுக்கு உயிர். ஒரு நாள் சாத்தான் கயிற்றை இழுத்தபோது, ஒரு குட்டிப் பெண் எழுந்து ஓடிவந்து அவன் முழங்காலில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். ரிஜோ நாடகத்தை மறந்து அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துச் சிரித்தான். எப்சிபாவும் கயிற்றோடு நின்று சிரித்தாள். அவன் கண் அவளிடம் வந்தது... உடனே விலகிவிட்டது.

சமையல்கார அம்மாவோடு அவனுக்கு அரட்டை. ஜெஸ்னாவோடு கேலி. எப்சிபாவைக் கண்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

"உன்கிட்ட மட்டும் ஏன்ட்டி இந்தப் பவுசு?" என்று ஜெஸ்னாவே கேட்டுவிட்டாள்.

கடைசிக்கு முந்தின நாள் நல்ல மழை. தேவாலய வாசலில் அவன் தனியாகக் குடையை விரித்துக்கொண்டிருந்தான். எப்சிபா ரோஷத்தையெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டு அருகில் போனாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் மேக்கப் வேண்டாம்னு சொன்னது... தப்புதான். மன்னிச்சிருங்க."

அவன் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறான்... சொல்லவில்லை. இல்லையென்று வேகமாகத் தலையாட்டினான். விரித்த குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தபடியே போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்டவளிடம் ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவான்? குடையா கேட்டாள் அவள்? கண்ணில் நின்றது மழைத்தண்ணீர் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. 'சரி, பேங்க்காரரே போதும். திருடன்னு சொன்னாலும் அவர் பதிலாவது பேசுவார்.'

ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சரி என்று சொல்லிவிடுவது. முடிவாகிவிட்டது.

மதுரையில் இறங்கியபோது சபை வேன் காத்திருந்தது. போதகர் ரிஜோவைப் பார்த்தார். "தம்பி, உனக்கு ஆரப்பாளையம் ஸ்டாண்டுலயே பொள்ளாச்சி பஸ் கிடைக்குமே. இறக்கி விட்டுரவா?"

"இல்லீங்க ஐயா. நான் குமுளிக்கே வர்றனுங்க."

தேனியில் போதகர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில்.

"இவருக்கு ஊருக்குப் போற வழியே தெரியாது போல. ரிவர்ஸ்ல போறாரு!" என்று ஜெஸ்னா கிசுகிசுத்தாள்.

எப்சிபா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். கம்பம் போனது, கூடலூர் போனது. லோயர் கேம்ப் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் மனம் அதையே கேட்டது... ஏன் இறங்கவில்லை? நாளைக்குக் காலையில் மண்டியில் நிற்க வேண்டியவன், ஏன் எதிர்த்திசையில் மலையேறி வருகிறான்? 'குமுளியில் ஏதோ பொருளை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பான்... வேறெதையாவது கற்பனை பண்ணாதே எப்சிபா.'

செக்போஸ்ட் தாண்டி, குமுளி பஸ் ஸ்டாண்டில் வேன் நின்றது. முதல் ஆளாகக் குதித்தவன் ரிஜோதான். சேற்றில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றுகொண்டு, திரும்பி,

"ஐயா, பயணம் முடிஞ்சுதுங்களா?" என்றான்.

"முடிஞ்சுதுப்பா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். நேராக அவளிடம் வந்தான்.

"எப்சிபா..."

அவள் பெயரை அவன் சொல்லி அதுதான் முதல்முறை.

"ஓ... பேச வருமா உங்களுக்கு?" என்றாள். "நீங்க ஊமையாயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"வாக்குக் குடுத்துட்டனுங்களே."

"எல்லாருந்தான் குடுத்தோம். எல்லாரும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்!"

"மத்தவங்களுக்கு அது லேசுங்க. நான் உங்ககிட்ட டீ குடிச்சீங்களான்னு கேட்டாக்கூட, அதுக்குள்ள அதுதானுங்க இருந்திருக்கும். அதான் வாயவே தொறக்கல." ஒரு மூச்சு வாங்கினான். "உங்களப் புடிச்சிருக்குதுங்க. இந்த பஸ் ஸ்டாண்டுல, அந்த மழையிலயே... குமுளி வந்தாத்தான் சொல்லலாம். அதான் குமுளி வந்தனுங்க."

நெஞ்சில் இத்தனை நாளாய்க் கிடந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை. மூச்சு இவ்வளவு சுலபமாக வருமா? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோபித்துக்கொண்டு போனவனில்லை... குடை தந்தவன். குடை மட்டுந்தான் தர முடிந்தவன்.

"நாளைக்கு அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிருவேன்" என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. "வேண்டாம்னா... என்னையவுங்களா?"

"ஐயோ! பேங்க்காரர! கம்பத்துல ஒரு மாப்பிள்ள பாத்திருக்காங்க. பதில் சொல்லாம வெச்சிருக்கேன்."

"அப்ப... என்னையுங்க?"

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் அந்த மழையிலதான். நீங்க பேசாம இருந்த ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம்..." முடிக்க முடியவில்லை. "உங்களையும் அப்பாகிட்டச் சொல்லணும். சரின்னு."

"என்னம்மா, யாரு தம்பி?"

இருவரும் விலகி நின்றார்கள். அப்பா ஏசுரத்தினம், பாதி நனைந்து, குடையோடு.

"எங்க குழுவுல... ரிஜோ. கோவிந்தாபுரம்ப்பா."

"கோவிந்தாபுரமா? மதுரையிலயே எறங்கியிருந்தா இந்நேரம் பாதி தூரம் போயிருக்கலாமே தம்பி. எதுக்கு இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க?"

"இங்க ஒரு வேல இருந்துதுங்க."

"முடிஞ்சுதா?"

ரிஜோ அவளைப் பார்த்தான். "பாதி முடிஞ்சுதுங்க. மீதி உங்ககிட்ட..."

எப்சிபா அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினாள். அப்பா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவளை, அவனை, மறுபடியும் அவளை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, சரி. மொதல்ல ஏதாவது சாப்பிடுவோம். மழையில நின்னு பேசுற விஷயமா தெரியல. வாங்க தம்பி."

அப்பா முன்னால் நடந்தார். மூவரும் புரோட்டா சாப்பிட்டார்கள். மாங்காய் விலை தவிர அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. ரிஜோ ஏறிய கம்பம் பஸ் கிளம்பும்போது மட்டும், "ஊருக்குப் போனதும் ஒரு போன் பண்ணுங்க தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே எப்சிபா டைரியைத் திறந்தாள்.

மே 21, புதன்.
நாளைய வேலை: காலையில் அப்பா ஃபாக்டரிக்குக் கிளம்பும் முன், கம்பத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று என் வாயால் சொல்ல வேண்டும். பிறகு ரிஜோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.