மினுக்கியும் வாத்தியாரும்

மினுக்கியில் போர்வை மேடாக இருந்தது. வாத்தியாரில் தட்டையாகக் கிடந்தது.

அவன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே படத்தை இரண்டு திரைகள் எப்படி இரண்டு விதமாகக் காட்டுகின்றன என்று கண்டுபிடிப்பதுதானே அவன் பிழைப்பு! விளம்பரப் படங்களுக்கு நிறம் சரிசெய்கிறவன். ஓய்ந்த நேரத்தில் மானிட்டர்களை ஒப்பிட்டு வீடியோ போடுகிறவன். கடை வைத்திருக்கும் நண்பன், மேசையைத் தலைக்குப் பாதியாக அடைத்துக்கொள்ளும் இரண்டு அகல மானிட்டர்களைக் கொடுத்தனுப்பியிருந்தான். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

பெயர் வைத்தவள் மகள் சிட்டு. வளைந்து, பளபளத்து, கேம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட திரை மினுக்கி. எதையும் கொஞ்சம் அலங்காரம் பண்ணித்தான் காட்டும். சிவப்பை நெருப்பாக்கும், இருட்டை மையாக்கி அதற்குள் இருப்பதை விழுங்கிவிடும். மற்றது சொரசொரத்த மங்கல் முகம். உள்ளதை உள்ளபடி சொல்லும். ஒரு பொட்டு கூட்டாது, குறைக்காது. "வாத்தியார் மாதிரியே உம்முனு இருக்குப்பா" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது, நண்பன் வாயிலும்.

இன்று சிட்டுவுக்குக் காய்ச்சல். நர்ஸாக இருக்கும் மனைவி பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "மானிட்டர்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு பிள்ளைய மறந்துடாதீங்க. சொல்லிட்டேன்." அதற்காகத்தான் சிட்டுவைத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கட்டிலில் படுக்க வைத்து, மேசை மேல் இருந்த கேமராவை அறை முழுக்கத் தெரிகிற மாதிரித் திருப்பி, அந்தப் படத்தையே இரண்டு திரைகளிலும் ஓடவிட்டிருந்தான். ஒப்பிட்ட மாதிரியும் ஆச்சு, திரும்பாமலே பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாதிரியும் ஆச்சு.

கறுப்பை ஒப்பிட அறை இருட்டாக வேண்டும். நடுப்பகலில் கனத்த திரைச்சீலைகளை இழுத்து, இடுக்கில் துணி செருகி, கதவடியில் பாயை உருட்டி அணைத்திருந்தான். வெளியே மழை ஓயாமல் ஏதோ ஒரு தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே புது பிளாஸ்டிக் சூடாகும் வாடை, காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை, எங்கிருந்தென்று தெரியாத ஈரத் துணியின் வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து, மூச்சு விட விட மூக்கில் அடைத்துக்கொண்டே வந்தது.

"சிட்டு, முழிச்சிருக்கியா?"

"ம்."

"கைய ஆட்டு, பாப்போம்."

மினுக்கியில் போர்வைக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று எழுந்து ஆடியது. வாத்தியாரில் எதுவும் எழவில்லை. படம் தாமதமாக வருகிறதோ? அப்படியானால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். காத்திருந்தான். மினுக்கியில் கை இறங்கிவிட்டது. வாத்தியாரில் போர்வை, வெறும் போர்வையாகவே கிடந்தது.

எழுந்து கேபிள்களை மாற்றிச் செருகினான். கோளாறு கேபிளில் என்றால் இப்போது அது மற்ற திரைக்கு மாற வேண்டும். மாறவில்லை.

திரும்பியே பார்த்துவிட்டான். இருட்டில் கட்டில், போர்வை மேடு, தலையணையில் கலைந்த முடி.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. தூங்கு."

பாரம் இறங்கியது. சிரிப்புகூட வந்தது. இருந்தாலும் தொழில்காரன் மனசு சும்மா இருக்குமா? நண்பனுக்குப் போன் போட்டான்.

"டேய், மினுக்கில ஆள் தெரியுது. வாத்தியார்ல ஆளே தெரியல."

"சாப்டியா நீ? ஒரே சிக்னல்டா. ஒண்ணு கறுப்பா காட்டும், ஒண்ணு வெளுப்பா காட்டும். ஆளையே முழுங்குற மாடல் இன்னும் நம்ம கடைக்கு வரல."

"சிரிக்காதடா. எது பொய் சொல்லுதுன்னு தெரியணும்."

"அத என்கிட்ட கேக்குறியா? கலர் அளக்குற மீட்டர் வெச்சு ரெண்டையும் அளந்தவன் நீ. கண்ணு இருட்டுக்குப் பழகிடும், நம்மள ஏமாத்திடும், மீட்டர் ஏமாத்தாதுன்னு எனக்கே பாடம் எடுத்தவனும் நீ. மீட்டர் என்ன சொல்லுச்சு?"

"வாத்தியார்தான் சரின்னு."

"அப்புறம் என்ன மச்சான்? மினுக்கிய பேக் பண்ணு. வந்து எடுத்துக்கறேன்."

போன் அடங்கியது. மழையும் மானிட்டர்களின் மெல்லிய ரீங்காரமும் மட்டும்.

வாத்தியார்தான் சரி.

"போன்ல யாருப்பா?"

தெளிவான குரல். மணி அடித்த மாதிரி. காலையில் சிட்டுவின் தொண்டை கட்டிப்போய், தண்ணீர் கேட்கக்கூடச் சைகைதான் காட்டினாள். அது இப்போதுதான் அவன் நினைவில் உறைத்தது.

"கடைக்கார மாமாடா" என்றான். திரும்பவில்லை.

வாத்தியாரை உற்றுப் பார்த்தான். கட்டில் காலி. போர்வை தட்டை. ஆனால் தலையணை நடுவில் குழிந்திருந்தது. ஆளில்லாத குழி. அது மெல்ல ஆழமானது, பிறகு மேலெழுந்தது. படுத்திருந்தது எதுவோ, எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மினுக்கியில் சிட்டு உட்கார்ந்து, அவன் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் என் பிள்ளை எங்கே?

விரல்கள் வாத்தியாரின் பின்புறம் இருந்த பட்டனைத் தேடின. இருட்டைத் தூக்கிக் காட்டும் வசதி ஒன்று உண்டு. கேமில் மூலையில் பதுங்கியிருக்கும் எதிரியைக் காட்டிக்கொடுப்பதற்கென்று வந்து, இப்போது இந்த மாதிரித் திரைகளிலும் இருப்பது. ஏற்றினான். கறுப்பு சாம்பலானது. இன்னும் ஏற்றினான். சாம்பல் வெளுத்தது. படத்தின் கடைசி ஓரத்தில், சாதாரண மானிட்டராக இருந்தால் வெட்டுப்பட்டே போயிருக்கும் ஓரத்தில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து தெரிந்தது.

சந்தில் சிட்டு.

குந்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்கள் கட்டிலை விட்டு அகலவில்லை. மெல்ல, மிக மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்ப்பா.

மினுக்கியில் அதே சந்து மையிருட்டு. அழகான கறுப்பு.

கட்டில் கிரீச்சிட்டது.

வாத்தியாரில் தரைவிரிப்பு ஓரிடத்தில் அமுங்கியது. அடுத்து, கொஞ்சம் தள்ளி. அடுத்து, நாற்காலிக்குப் பின்னால். ஈரத் துணி வாடை கழுத்தில் படிந்தது.

தோளில் ஒரு கை.

மினுக்கியில் அது மகளின் கை. வாத்தியாரில் கையே இல்லை. அவன் சட்டை மட்டும் அமுங்கியிருந்தது. விரல் விரலாக. பிள்ளையின் கைக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமான விரல்கள்.

எழப் பார்த்தான். முடியவில்லை. அவ்வளவு கனம்.

"அப்பா" என்றது காதோரம். "ரெண்டுல இதுதான் நல்லா இருக்கு."

அது எந்தத் திரையைப் பார்க்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"இதுல ஓரம்கூடத் தெரியுதே."

ஐயோ. நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

பட்டனை அழுத்தினான். இறங்கு. இறங்கு. கை வழுக்கியது, தப்பான மெனு வந்தது, பளிச்சென்று இன்னும் வெளுத்தது. சிட்டுவின் கன்னத்துக் கண்ணீர்வரை தெரிந்தது. கரண்ட் கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். வாத்தியார் அணைந்தது.

தோளில் கனம் இல்லை.

இல்லை! அங்கே போய்விட்டது!

"சிட்டு! ஓடு! கதவத் தொறந்து ஓடு!"

எழுந்தான். திரும்பினான். திரை வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அறை முழுக்க ஒரே கறுப்பு. அலமாரி எந்தப் பக்கம்? கால் கேபிளில் சிக்கியது. விழுந்தான். மேசைக் கால் நெற்றியில் இடித்தது.

"இங்கதாம்ப்பா இருக்கேன்" என்றது மணிக்குரல், இடது பக்கத்திலிருந்து.

"இங்கப்பா" என்றது, வலது பக்கத்திலிருந்து.

எந்தக் குரலையும் நம்ப முடியாது. கண்ணையும் நம்ப முடியாது. தரையில் கிடந்த கேபிளைத் தடவி எடுத்தான். மண்டியிட்டான். வாத்தியாரின் பின்னால் செருகினான். ஒருமுறை தப்பியது. மறுமுறை பொருந்தியது.

கம்பெனி முத்திரை நிதானமாக மலர்ந்தது. 'சிக்னல் தேடுகிறது' என்றது. புள்ளிகள் ஓடின.

"காட்டுடா. காட்டித் தொலைடா. தயவுசெஞ்சு."

படம் வந்தது.

சந்தில் சிட்டு அப்படியே குந்தியிருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். அவள் எதிரே யாரும் இல்லை. நெற்றியில் ஒட்டியிருந்த முடி மட்டும், காய்ச்சல் இருக்கிறதா என்று யாரோ தொட்டுப் பார்ப்பதுபோல், மெல்ல மெல்ல மேலே ஒதுங்கிக்கொண்டிருந்தது.