ஐந்தாம் தட்டைத் தொட்டது யார்?

"ஐயோ! போச்சு... எல்லாம் போச்சு!"

காலை ஒன்பது மணி. ஆய்வுக்கூடத்தில் அலறியவள் ஆராய்ச்சி மாணவி. மைக்ராஸ்கோப்பில் கண். அதன் அடியில் செல் வளர்க்கும் ஐந்தாம் தட்டு.

போன் போட்ட பத்தே நிமிடத்தில் அத்தான் வந்தார். அக்காள் புருஷன். இன்ஸ்பெக்டர். படியேறியதில் மூச்சு வாங்கியது.

"பிணம் எங்கேம்மா?"

"பிணமே இல்ல அத்தான். அதான் பிரச்சினை! சாகாம பெருகிக்கிட்டே போகுது!"

தொப்பியைக் கழற்றினார்.

"புரியற மாதிரி சொல்லு."

"நல்ல செல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. பக்கத்துச் செல் மேல தோள் இடிச்சா நின்னுடும். வளராது."

"எங்க ஸ்டேஷன் க்யூவுல அந்த மரியாதைய நான் பார்த்ததே இல்ல."

"வைரஸ் உள்ள புகுந்து ஒரு ஜீனைச் செருகுது. அது 'வளரு... வளரு'ன்னு ஓயாம உத்தரவு போடும். அவ்வளவுதான்! ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மேடு கட்டிடும். புத்துநோய்க் கட்டிக்கு அதான் ஆரம்பம்."

"யாரு அந்த ஜீன்? வெளியாளா?"

"இல்ல! எப்பவோ ஒரு நல்ல செல்லுலேர்ந்து வைரஸ் திருடினது. அங்க இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் வேலை பார்த்துச்சு."

"கூடா நட்பு!"

"முதல் நாலு தட்டுல முழு வைரஸ். மேடு வரணும். வந்திருக்கு. அடுத்த நாலுல அந்த ஜீனை வெட்டி எடுத்த வைரஸ். மேடு வரவே கூடாது. ஆனா..."

"வந்துடுச்சு!"

"அப்ப அந்த ஜீன்தான் குற்றவாளின்னு மூணு வருஷமா நான் எழுதின தீசிஸ் பொய். பதினோரு மணிக்கு அதை ரத்து பண்ணப் போறேன்னுட்டார் புரொஃபசர்."

கதவு திறந்தது.

புரொஃபசர்!

"போலீஸா? எதுக்கு? ஜீன் நிரபராதி. இவ தப்பா எழுதிட்டா. கேஸ் முடிஞ்சது!"

அத்தான் அசையவில்லை.

"ஒவ்வொரு தட்டுலயும் எத்தனை மேடும்மா?"

"அஞ்சாவதுல இருபத்தொண்ணு... ஆறாவதுல ஒம்பது... ஏழாவதுல ரெண்டு... எட்டாவதுல..."

குரல் நின்றது.

"ஒண்ணுமே இல்ல!"

"சேத்தை மிதிச்சவன் வீட்டுக்குள்ள நடந்த மாதிரி இருக்கே. போகப் போகத் தடம் தேயுது."

மாணவி துள்ளினாள்.

"ஒரே பிப்பெட், அதான் நீரை உறிஞ்சி ஊத்தற குழாய்! செல்லுக்குச் சத்து நீர் ஊத்தினவங்க முழு வைரஸ் தட்டுல ஆரம்பிச்சு, அதே பிப்பெட்டோட எட்டு வரைக்கும் போயிருக்காங்க! நான் எட்டுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். அதுவும் தட்டுக்கு ஒரு பிப்பெட்!"

"மேடு எழும்ப எத்தனை நாள்?"

"எட்டு நாள்."

"அப்ப எட்டு நாள் முன்ன, ஞாயித்துக்கிழமை. உங்கக்காவுக்குப் பிரசவம். நீ என்கூட ஆஸ்பத்திரி வராண்டாவுல. இங்க ஊத்தினது யாரு?"

புரொஃபசர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார்.

"லீவுல போன பொண்ணுக்கு உதவலாம்னு... இருபது வருஷம் கழிச்சு பிப்பெட் பிடிச்சு... நானே..."

"ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா?"

"எல்லாரும் அப்படித்தானே எண்ணுவாங்க!"

"சார்!" மாணவி எட்டாம் தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தீசிஸ் ரத்தா?"

"இல்லம்மா... இல்ல! திரும்ப ஒரு தடவை செஞ்சு காட்டு. நான் இந்த மாடிக்கே வரமாட்டேன்!"

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"என்னைக் கைது பண்ணப் போறீங்களா?"

"வேண்டாம் சார். லாக்கப்புல நாலே பேர் அமைதியா உக்கார்ந்திருக்காங்க. நீங்க உள்ள வந்து தொட்டா நாப்பதாயிடும்!"