இனி வர வேண்டாம்

ஸ்கேன் அறைக் கதவை அவள் மறுபடி தட்டப் போனபோது அது திறந்தது. ஓங்கிய கை, திறந்த ஸ்கேன் டாக்டரின் மூக்குக்கு நேரே போய் நின்றது.

"எங்கம்மாவ இன்னும் எவ்வளவு நேரம் உள்ள படுக்க வச்சிருப்பீங்க?"

"கதவு உடைஞ்சா இன்னும் லேட்டாகும்," என்றான் அவன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரைவிங் ஸ்கூலில் தினமும் கற்றுக்குட்டிகளிடம் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை அது. "மண்ணீரல்ல கட்டி, புற்றுநோயா இருக்கலாம்னு எங்க டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கே ஊசி விட்டுச் சதை எடுக்கணும். நீங்க என்னடான்னா ஆற அமரப் படம் எடுத்துட்டிருக்கீங்க..."

"ஊசி விடக் கூடாது." அவன் குரலும் ஏறியது. "அது ரத்தக்குழாய்ங்களே சுருண்டு உண்டான கட்டின்னு நெனைக்கிறேன். அபூர்வமா வர்றது, ஆளை ஒண்ணும் செய்யாது. ஆனா குத்தினா ரத்தம் நிக்காமப் போயிடும். ரத்தத்துல ஏத்தின சாயம் கட்டியோட ஓரத்துலேருந்து நடுவுக்கு மெள்ளப் பரவுதான்னு காத்திருந்துதான் பாக்கணும். உங்க அவசரத்துக்கு உங்கம்மாவப் பலி குடுக்க முடியாது."

கதவு அவள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

சரியான சிடுமூஞ்சி... ஆனால் அந்தக் கண்கள்? தூக்கமில்லாமல் சிவந்து, அவளைவிடப் பயந்து போயிருந்தனவே... கண்ணாவது மண்ணாவது.

அவன் சொன்னதுதான் நடந்தது. சாயம் மெள்ள மெள்ள நடுவரை நிரம்பியது, ஊசி ரத்தானது. "ஆறு மாசம் கழிச்சு வாங்க, வளர்ந்திருக்கான்னு பாத்துடலாம்," என்றான். அந்த ஆறு மாதமும் அவள் மனசுக்குள் அவனோடு சண்டை போட்டே கழித்தாள். சண்டை போட ஊரில் வேறு ஆளே கிடைக்காதது போல.

மறு ஸ்கேன் அன்று அம்மாவுக்கு முன்னால் அவள் தலை வாரிக் கிளம்பி நின்றாள்.

"ஸ்கேன் எனக்கா உனக்காடி?" என்றாள் அம்மா.

கட்டி துளிகூட வளரவில்லை. அம்மா கண் கலங்க அவனைக் கும்பிட்டாள். மகள் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"இனி வர வேண்டாம்," என்றான் வெடுக்கென்று.

"நாங்க என்ன விருந்துக்கா வந்தோம்?" என்று சொல்லிவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று குதிக்க வேண்டிய நேரத்தில் இப்படி எரிகிறாயே, வெட்கமாயில்லை? தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை வந்தது. அதற்கும் சேர்த்து அவனைத் திட்டினாள்.

அடுத்த வாரம், நல்ல மழையில், டிரைவிங் ஸ்கூல் வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்றான் அவன்.

"உங்க கார் மேல ஸ்கூல் பேர் பாத்தேன்... வண்டி ஓட்டக் கத்துக்கணும்."

"ஏறுங்க," என்றாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கியர் அலுங்காமல் விழுந்தது. எதிரே வந்த லாரிக்கு அழகாக ஒதுங்கினான். பள்ளத்தில் பதமாக இறக்கி ஏற்றினான்.

"நிறுத்துங்க வண்டிய." நிறுத்தினான். "இவ்வளவு நல்லா ஓட்டறவருக்கு நான் என்ன கத்துக் குடுக்கிறது? யாரை முட்டாளாக்கப் பாக்கறீங்க?"

அவன் முன்முடியிலிருந்து ஒரு துளி இமையில் விழுந்து நின்றது.

"அன்னிக்கு இன்னொரு ஸ்கேனுக்கு வாங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா உங்கம்மாவுக்கு அது தேவையில்ல. உங்களப் பாக்கறதுக்காக அவங்களக் கூப்பிட்டு மெஷினுக்குள்ள படுக்க வைக்கலாமா? என் மேலயே எனக்குக் கோபம்... அதான் எரிஞ்சு விழுந்துட்டேன்." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. உங்கள வரச் சொல்லத்தானே கூடாது... நான் வரலாமில்ல?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு இத்தனை நாளா?

"இறங்கிக்கவா?" என்றான் அவன், மெதுவாக.

"யாரு இறங்கச் சொன்னா? இடது பக்கம் திருப்புங்க. அம்மா வீட்லதான் இருக்காங்க. வர வேண்டாம்னு சொன்ன அதே வாயால, அவங்ககிட்ட வந்து இதையும் சொல்லுங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்புறம்... எனக்கும்தான்."

கிளம்பிய கார் குலுங்கி நடுரோட்டில் நின்றது.

"கிளட்ச்," என்று கத்தினாள் அவள்.