நகர மறுத்த ஒரு மெயில்

பதினெட்டாயிரத்து இருநூற்றுப் பதினைந்து மெயில்களில் ஒன்று மட்டும் வரவில்லை. மற்றவை எல்லாம் பழைய கம்ப்யூட்டரை விட்டுப் புதியதற்குச் சமர்த்தாகக் குடிபெயர்ந்துவிட்டன. திரையின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி மட்டும் நின்றது: 'ஒன்றை நகர்த்த முடியவில்லை. அது பழுதாகியிருக்கலாம்.'

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் மேலாளர்தான். மனைவிகூடக் கோபம் வந்தால், "மேலாளர் சாருக்கு இன்னும் ஆபீஸ் முடியலையோ?" என்றுதான் கேட்பாள். புதுக் கம்ப்யூட்டர் மகள் வாங்கிக் கொடுத்தது. "ஆள் அனுப்புறேன்பா, அரை மணி நேரத்துல எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடுவாங்க" என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். அவர் மசியவில்லை. வேறொருவர் தன் பழைய மெயில்களைத் துழாவுவதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததால் பின்னறையில் திரையின் வெளிச்சம் மட்டும் மேசைமேல் நீலமாகப் படிந்திருந்தது. பழைய கம்ப்யூட்டரின் மின்விசிறி, மூக்கடைத்த ஆள் தூங்குவதுபோல் இழுத்து இழுத்துச் சத்தம் போட்டது. அதன் முதுகிலிருந்து தூசி சூடேறும் வாடை வந்தது. கூடத்தில் மனைவி ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் கொஞ்ச தூரம் ஓடுவதும், நிற்பதும், திரும்ப ஓடுவதுமாக இருந்தது.

கம்ப்யூட்டர் கடைக்காரரை ஃபோனில் பிடித்தார்.

"ஒண்ணுதானே சார், விட்டுத் தள்ளுங்க. குடியா முழுகிடப் போகுது?"

"எந்த மெயில்னு தெரியலையே."

"அப்போ பழுது பாக்குற புரோகிராம் அதுலயே இருக்கும், ஓட்டிப் பாருங்க. சில நேரம் அழிச்ச மெயில்கூட எந்திரிச்சு வந்துடும்."

"அழிச்சதுமா?"

"அழிச்சா போயிடும்னு நெனச்சீங்களா? இந்த இடம் காலின்னு ஒரு குறி போட்டு வெச்சுக்கும், அவ்ளோதான். மெயில் உள்ள அப்படியே கெடக்கும்."

ஃபோனை வைத்த பிறகும் கடைசிச் சொல் காதைவிட்டுப் போகவில்லை. உள்ளே அப்படியே கிடக்கும். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் 'அதுவாக இருக்காது' என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் அவரால் இன்றைக்குச் சாப்பிட முடியாது, தூங்கவும் முடியாது. புரோகிராமை ஓடவிட்டார். பச்சைக் கோடு ஒன்று அங்குலம் அங்குலமாக நகர்ந்து, முக்கால் தூரத்தில் நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவி முடித்தது.

புதுக் கம்ப்யூட்டரில், ஒன்று என்று நினைத்த இடத்தில் இருபத்துமூன்று மெயில்கள் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பெயர்.

ஸ்வெட்டர்.

அவர் வேலை பார்த்த குளிர்கிடங்கின் மெக்கானிக்குக்குக் கிடங்கே சேர்ந்து வைத்த பெயர் அது. வெளியே மண்டை பிளக்கும் வெயிலடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றாத மனிதர். "என் உடம்புக்குள்ள ஒரு குட்டி ஐஸ் ரூம் இருக்கு சார்" என்று சிரிப்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் திறக்கும் கைப்பிடி மூன்றாம் அறையில் உடைந்திருக்கிறது என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தவரும் அவரேதான்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மேலாளர் மகளின் பிறந்தநாளுக்காக வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் மூன்றாம் அறையை வெளியே பூட்டினார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் விருந்தாளிகளுக்கு நடுவே, கையில் கேக் தட்டோடு, உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்வெட்டர் அனுப்பிய மெயிலைப் படித்தார். படித்ததை அனுப்பியவருக்குத் தெரிவிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். பத்து நிமிடம் கழித்து வாட்ச்மேனைக் கூப்பிடலாம் என்று நினைத்தார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். எட்டு மணிக்கு ஞாபகம் வந்தது. இந்நேரம் யாராவது திறந்துவிட்டிருப்பார்கள். இப்போது கேட்டால், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேள்வி வரும். படுக்கப் போகும்போது மறுபடி ஞாபகம் வந்தது. புரண்டு படுத்தார்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தார்கள். சனிக்கிழமை நள்ளிரவுக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். ஃபோன் உறைந்து செத்திருந்தது. அன்று சாயங்காலம் மேலாளர் அந்தப் பெயரில் வந்த எல்லாவற்றையும் படிக்காமல், எண்ணாமல், மொத்தமாக அழித்தார். யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனது மெக்கானிக்கின் அஜாக்கிரதை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். ஸ்வெட்டரின் மனைவி ஆபீஸ் வாசலில் நின்று, "கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாராண்ணே?" என்று கேட்டபோது, நா கூசாமல், "இல்லம்மா" என்றார்.

இப்போது விரல் தானாகவே போய் முதல் மெயிலைத் தொட்டது.

மாலை 4.10. 'சார், மூணாம் ரூம்ல இருக்கேன். வெளிய பூட்டிட்டீங்க போல. ஃபோன் போகல, மெயில்தான் போகுது. ஆள் அனுப்புங்க.'

இது தெரிந்ததுதான். மற்றவைதான் அவர் பார்க்காதவை.

4.40. 'கைப்பிடி வேலை செய்யல. எழுதிக் குடுத்தேனே சார்.'

5.25. 'நடந்துட்டே இருக்கேன். உக்காந்தா தூக்கம் வருது.'

7.50. 'சார் பாத்தீங்களா.'

9.05. 'வீட்ல சொலிடுங'

10.30. 'சசார்'

மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை வரவில்லை. அந்த விரல்கள் எழுத்தைத் தேடித் தடவியிருக்கும். அந்த நேரம் இவர் புரண்டு படுத்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்ததில் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. காலை ஆறு மணி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

'இப்ப குளிரல சார்.'

திங்கட்கிழமை, 8.15. 'கதவைத் திறந்துட்டாங்க. எல்லாரும் உள்ள வந்தாங்க. நீங்க மட்டும் வாசல்லயே நின்னுட்டீங்க.'

உண்மை. அங்கேயேதான் நின்றார்.

நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தார். விசாரணை நடந்த நாள். எழுதிக் கொடுத்த நாள். இருபத்திரண்டாவதில் ஒரே வரி: 'இல்லம்மான்னு சொல்லிட்டீங்க.'

இருபத்துமூன்றாவதற்குத் தேதியே இல்லை. அதைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். அப்போதுதான் ஓரத்தில், 'அனுப்பியவை' என்ற இடத்தில், இருபத்திரண்டு என்ற எண் கண்ணில் பட்டது. இந்தப் புதுக் கம்ப்யூட்டரிலிருந்து அவர் இன்னும் ஒரு மெயில்கூட அனுப்பவில்லையே?

திறந்து பார்த்தார். வரிசையாக நின்றன. 'உங்கள் மெயில் படிக்கப்பட்டது. இன்று, பிற்பகல் 3.31.' 'உங்கள் மெயில் படிக்கப்பட்டது. இன்று, பிற்பகல் 3.32.' புதுக் கம்ப்யூட்டர் யாரையும் கேட்பதில்லை. படிக்கப் படிக்க, தானே சொல்லி அனுப்பியிருக்கிறது. எல்லாம் ஸ்வெட்டரின் முகவரிக்கு. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அழி. எல்லாவற்றையும் அழி. திரும்பப் போய், திறந்தபடியே இருந்த இருபத்திரண்டாவதில் பட்டனை அழுத்தினார். ஒன்றை அழித்தால் அடுத்ததைத் திறந்து காட்டுவது கம்ப்யூட்டரின் வழக்கம் என்பதை அவர் மறந்துபோயிருந்தார். இருபத்திரண்டாவது மறைந்தது. இருபத்துமூன்றாவது திரை முழுக்க விரிந்தது.

'படிச்சிட்டீங்க. போதும் சார். வரேன்.'

கூடத்தில் தையல் மெஷின் நின்றது.

அழைப்பு மணி அடித்ததாக அவருக்கு ஞாபகமில்லை. மனைவி எழுந்து போகும் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது. "யாரு? வாங்க, உள்ள வாங்க. ஐயோ, ஏன் இப்படி நடுங்குறீங்க?" கதவு திரும்ப மூடியது. "ஏங்க, உங்க ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க பாருங்க."

மேலாளர் பூனைபோல் எழுந்தார். பின்னறைக் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டார்.

"ஏங்க?"

அவர் கதவில் காதை வைத்தார்.

"கேட்டா ஒண்ணும் பேச மாட்டேங்குறார். உங்க ரூமையே பாத்துட்டு நிக்கிறார். வெளிய வாங்களேன்."

கதவடியிலிருந்து காற்று வந்தது. மழைக்காற்று இல்லை. உலோகமும் பழைய பனிக்கட்டியும் கலந்த வாடை. பதினெட்டு வருடம் அவர் மூச்சில் ஏறிய வாடை. வெறுங்காலில் தரை சுட்டது, குளிரால்.

"என்னங்க இது, வீடு ஏன் இப்படி ஜில்லுனு ஆயிடுச்சு? வாசக் கதவு திறக்க வரல." இப்போது அவள் குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "எனக்குப் பயமா இருக்கு. கதவத் திறங்க."

தட்டினாள்.

கை தாழ்ப்பாளுக்குப் போனது. இரும்பு விரலில் ஒட்டிக்கொண்டது. திறந்துவிடலாம். திறந்தால் ஸ்வெட்டர் நிற்பார். கொஞ்ச நேரம் பார்க்கலாம். யாராவது வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர். யாராவது.

மறுபடி தட்டினாள். முதலில் விரல் முட்டியால். பிறகு உள்ளங்கையால். பிறகு கதவில் எதுவோ சரிந்து உட்காரும் சத்தம்.

"ஏங்..."

இடைவெளி. ஒரு தட்டல். நீண்ட இடைவெளி.

அவர் திறக்கவில்லை.

கதவடிச் சந்தில் வெண்புகை நெளிந்து உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே, தரையோடு தரையாக, நான்கு விரல்கள் வந்தன. மனைவியின் விரல்கள். நகங்கள் நீலமாகியிருந்தன. அவை அவர் கால் கட்டைவிரலைத் தேடுவதுபோல் இரண்டு அங்குலம் ஊர்ந்து வந்து, நின்று, அப்படியே இருந்தன. அவற்றின் மேல் பனி மெல்ல மெல்லப் பூக்கத் தொடங்கியது.