சுவரில் இல்லாத சின்னக் கை

பீளமேட்டு அரங்கின் சுவர் முழுக்க, நிறுவனத்தின் கணிப்பு இயந்திரமான திசைவரைவி தன் வழிப்படத்தை விரித்திருந்தது. அடுத்த ஆண்டு எந்தச் செயற்கைக் கை எந்தக் காலாண்டில் வரும், வருவதற்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை வாடிக்கையாளர்களுக்குப் படித்துக் காட்டுவது கோதையின் வேலை. சுவரில் உள்ளதைத்தான் சொல்லலாம். கூட ஒரு சொல் கூடாது.

திசைவரைவியின் கணிப்பு இதுவரை பொய்த்ததில்லை. எப்படிப் பொய்க்கும்? அது வரைந்ததைத் தவிர வேறெதையும் இந்த நிறுவனத்தில் ஒருவரும் தொடுவதே இல்லையே! ஊரிலுள்ள மற்ற நிறுவனங்களிலும் இதே கூத்துதான்.

மேடையேறுமுன் கோதை தலைவர் நல்லசிவத்திடம் கடைசியாக ஒருமுறை மன்றாடினாள்.

"சார், படத்துல குழந்தைங்களுக்கான கையை அடிச்சுப்போட்டிருக்குதுங்க. வாய்ப்பு பூஜ்யமாம்."

"குழந்தைங்க வருசா வருசம் வளருதுங்க அம்மணி. வருசத்துக்கொரு கையா செஞ்சுட்டு இருக்க முடியும்? அது யோசிச்சுத்தான் போட்டிருக்கும்."

"அது யோசிக்கலீங்க. நாம செய்ய மாட்டோம்னு அதுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

"படத்தைப் படிச்சுட்டு எறங்கி வா. கண்டதையும் பேசி வெக்காதே."

கோதை மேடையேறினாள். முதல் மூன்று காலாண்டுகளைக் கடகடவென்று படித்தாள். நான்காவதில், சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது சின்னக் கை. கடைசி வரிசையில் திருப்பூர் ரங்கராஜ் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளையின் வலக்கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறார்; வெறுங்கையோடு திரும்புகிறார்.

"சின்னக் கை வரும்," என்றாள் கோதை. "தைப் பொங்கலுக்குள்ள வரும். வளர வளர மாத்தியும் தருவோம். இது சுவத்துல இல்லீங்க. நான் சொல்றேன்."

ரங்கராஜ் எழுந்து நின்றார். "எம்பேரை எழுதிக்குங்க!" அவரைத் தொடர்ந்து இன்னும் பலர் எழுந்தார்கள். மேடையில் சொல்லப்பட்டதெல்லாம் வாக்குறுதி என்றுதான் திசைவரைவிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுவரில் பூஜ்யம் நாலாகி, முப்பதாகி, எண்பத்தொன்றில் போய் நின்றது. சின்னக் கை பச்சையாக மின்னியது.

இந்தம்மாவைத் தலைவர் இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நல்லசிவமோ வாயெல்லாம் பல்லாக மேடைக்கே ஓடி வந்தார்.

"அட, அங்க பாரு அம்மணி! புதுசா என்ன வரைஞ்சிருக்குதுன்னு."

கோதை திரும்பிப் பார்த்தாள். வரவிருக்கும் ஒவ்வொரு காலாண்டின் உச்சியிலும் ஒரே வரி: 'மேடையில் கோதையின் மீறல். வாய்ப்பு: தொண்ணூற்றாறு விழுக்காடு.' எதை மீற வேண்டும் என்பதையும் அதுவே எழுதியிருந்தது. அடுத்த முறை அவள் அறிவிக்க வேண்டியது தங்கமுலாம் பூசிய விரல்கள்.

"கூட்டம் இதுக்குத்தான் கைதட்டுதுன்னு புரிஞ்சுக்கிச்சு பாரு! சம்பளத்தை ஏத்திப்போடறேன். மூணு மாசத்துக்கொருக்கா இதே மாதிரி வெடிச்சுரு, போதும்."

அடப்பாவி! ஆத்திரப்பட்டுச் சொன்ன சொல்லையும் அட்டவணையில் ஏற்றிவிட்டது. கத்தினாலும் அதன் கணக்குதான் சரி. வாயை மூடிக்கொண்டாலோ மறுபடி எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அவள் ஒலிவாங்கியை நல்லசிவத்தின் கையில் திணித்தாள்.

"இனி இந்த மேடைல நீங்களே வெடிங்க சார்."

"அப்ப நீ?"

"பட்டறைக்குப் போறேங்க. சொன்ன கையைச் செய்யோணுமில்ல?"

மேடையை விட்டு இறங்கி நேரே கடைசி வரிசைக்குப் போனாள். அளவு நாடாவை எடுத்து ரங்கராஜின் மகள் முன்னால் மண்டியிட்டாள். "கையைக் காட்டு கண்ணு."

பிள்ளை கை நீட்டினாள். பின்னால் சுவர் படபடவென்று எண்களை மாற்றிக்கொண்டிருந்தது. "ஏய், இங்க பாரு, படத்துல உன்னைய எங்க போடறதுன்னு அதுக்கே தெரியல!" என்று நல்லசிவம் ஒலிவாங்கியில் அலறினார்.

கோதை திரும்பவில்லை. தொண்ணூற்றாறு போக மிச்சமிருந்த அந்த நாலு விழுக்காட்டில்தான் அவளுக்கு வேலை கிடந்தது.